இரண்டு கிலோ பச்சரிசி

மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் செய்தியைப் பார்த்தாள்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே.

"அக்கா, சிவகிரியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. குழந்தைக்கு மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு இழுக்குதாம். ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. நம்ம கஞ்சி குடிச்ச கொஞ்ச நேரத்துலயாமுங்க. அதுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாதாம். மாவுல கடலை கலந்திருக்குமான்னு டாக்டர் கேக்கறாராம்."

அனுப்பியவள் சுகுணா. மாவு அரைக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்பவள்.

மைக்கில் கல்லூரி முதல்வர் இவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். வயது இருபத்தெட்டு. ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மூன்று மாவட்டக் கடைகளுக்குக் குழந்தைகள் சத்துமாவு அனுப்புகிறவர். 'வேர்க்கடலை இல்லாதது' என்று பாக்கெட்டின் நெற்றியில் போட்டுப் பேர் வாங்கியவர்.

கலந்திருக்கும். அவளுக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கான மாவில் கடலை உண்டு. அதற்கும் இதே மெஷின்தான். அதை அரைத்த கையோடு குழந்தை மாவைப் போடக் கூடாது. மெஷினைத் துடைக்க வேண்டும். இரண்டு கிலோ பச்சரிசியைப் போட்டு ஓட்டி, வரும் மாவை மாட்டுக்குக் கொட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. அவளே வைத்த சட்டம். அவளே சுவரில் எழுதி ஒட்டியது.

போன வியாழக்கிழமை, பெரியவர்கள் மாவு அரைத்து முடிந்ததுமே சரக்கு வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. சுகுணா அரிசி மூட்டையை அவிழ்க்கப் போனாள்.

"பரவால்ல விடு. ஒரு தடவைதானே. ஓட்டு."

சொன்னது யார்? சாட்சாத் இவளேதான்.

அன்றைக்குக் கடைகளுக்குப் போனது இருநூற்றுப் பன்னிரண்டு பாக்கெட்.

பேசி முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாமா? அரை மணி நேரம்தானே, ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மணியைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சுவார்கள். அந்த நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லிப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்ததும் அவள்தான்.

பயம். வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை அவள் அறிந்ததில்லை. இழுத்து மூடிவிடுவார்கள், போலீஸ் வரும், அப்பா முகத்தில் எப்படி முழிப்பது, இதெல்லாம் ஒரு பக்கம். முகம் தெரியாத அந்தக் குழந்தையின் மூச்சு இன்னொரு பக்கம்.

"கலந்திருக்குன்னு டாக்டர்கிட்டச் சொல்லு. எல்லாக் கடைக்கும் போன் போடு. வியாழக்கிழமை மாவை விக்கக் கூடாது."

இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை அனுப்பினாள்.

"தமது வெற்றிப் பாடங்களை நம்மோடு பகிர்ந்துகொள்ள, இதோ கோகிலவாணி!"

எழுந்து போனாள். கையில் இருந்த தாளில் முதல் வரி, 'தோல்வியைக் கண்டு பயப்படாதீர்கள்.' என்ன திமிர்!

தாளை மடித்தாள்.

"எங்க சத்துமாவை உங்க வீட்ல, சொந்தக்காரங்க வீட்ல யாராச்சும் குழந்தைக்குக் குடுக்கறாங்களா? போன வியாழக்கிழமை அரைச்சதுல வேர்க்கடலை கலந்திருச்சுங்க. தப்பு என்னோடது. மெஷினைச் சுத்தம் பண்ண வேண்டாம்னு நான்தான் சொன்னேன். ஒரு குழந்தை இப்ப ஆஸ்பத்திரில இருக்குது."

அரங்கம் அப்படியே அடங்கியது.

பிறகு முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

முதல்வர் தட்டினார். அறுநூறு பேரும் தட்டினார்கள். பின்னாலிருந்து விசில்கூட வந்தது. "என்ன ஒரு ஆரம்பம் பாத்தீங்களா சார்" என்று மேடையில் ஒரு பேராசிரியர் முதல்வரிடம் சொன்னது அவளுக்கே கேட்டது.

"ஐயோ, கை தட்டாதீங்க! இது பேச்சில்லைங்க. நிஜமாத்தான் சொல்றேன். போன் பண்ணுங்க, இப்பவே பண்ணுங்க!"

கைதட்டல் இன்னும் கூடியது.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாள். ஒரு காதில் போன். இன்னொரு காதை விரலால் அடைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

அத்தனை இரைச்சலிலும் அவள் கத்தியது மேடைவரை கேட்டது.

"அண்ணி, ஊட்டிட்டீங்களா?"