ஒரே காது

பதினோரு மணிக்கு நார்மனின் அடக்கம். பத்தேகால் ஆகிவிட்டது. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்துச் சாம்பல் வெளிச்சத்தில், அவனுடைய பழைய பச்சைக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு வாசலில் நின்று உதறுகிறது. சவவண்டிக்குப் பின்னால் இந்தக் காரில்தான் போவேன் என்று அவன் மனைவி எட்னா சொல்லிவிட்டாள். இப்படியே கிளம்பினால் சர்ச் மேட்டில் நின்றுவிடும். புருஷனின் கூட்டாளி கிளிஃபர்ட் கறுப்புக் கோட்டோடு குனிந்திருக்கிறான். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு நுனியை முன்னதன் வாயிலும் மறுநுனியை வலது காதிலும் வைக்கிறான். உஸ்ஸென்று இரைகிறது. பின்னதற்கு உடம்பைத் திருப்பி, குழாயை இடது காதுக்கு மாற்றுகிறான். இரைச்சல் குறைவு. அதன் திருகை இன்னும் திறக்கிறான். உதறல் கூடி, மட்கார்டு மேல் வைத்திருந்த கோப்பையில் தேநீர் தளும்பி வழிகிறது.

“ஏம்பா கிளிஃப், காதை மாத்தி மாத்தி வெக்கிறியே! அந்த இடது காதைத்தான் ஃபாக்டரி பிரஸ் ஷாப்பு இரைச்சல்லயே தொலைச்சிட்டியே. அவரு இருந்தா உன் தலையில தட்டியிருப்பாரு,” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் எட்னா.

“ஸ்பேனராலயே தட்டியிருப்பான்,” என்று குழாயை அவளிடம் நீட்டுகிறான். “நீயே கேளு.”

தொப்பியை ஒதுக்கி, அவள் இரண்டையும் ஒரே காதில் கேட்கிறாள். “பின்னதுதான் அதிகமா இழுக்குது. மூடு... இன்னும் கொஞ்சம்... போதும்.”

உதறல் அடங்குகிறது. தேநீர் அசையாமல் நிற்கிறது.

“சரியாச்சா?”

“ஆச்சு.”

ஆனால் குழாயைக் காதிலிருந்து அவள் எடுக்கவில்லை. சீராக வரும் அந்த மூச்சைக் கண்மூடிக் கேட்டபடி நிற்கிறாள். கிளிஃபர்ட் கடிகாரத்தைப் பார்க்கிறான். பிறகு, துடைத்த கையையே மறுபடி துடைக்கிறான்.