ஒரே ஒரு உப்புப் பாக்கெட்

"இந்தத் தெருவுல ஒருத்தருக்கு உடம்பு பூராக் கொழுப்பு! இல்லேன்னா ஒரே ஒரு உப்புப் பாக்கெட்டை ஆன்லைன்ல ஆர்டர் போடத் தோணுமா? உப்பு விலையைவிட டெலிவரி சார்ஜ் ஜாஸ்தி!"

கறார் அக்கா போட்ட சத்தத்தில், பேக்கிங் மேசையில் இருந்த பெண் கையிலிருந்த டேப்பை நழுவவிட்டாள்.

பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, தெருவுக்கு அவள் கறார் அக்காதான். கூடை சுமந்து விற்று, மொத்த வியாபாரிகளிடம் மல்லுக்கட்டி விலையைக் குறைத்து, தனி ஆளாக எழுப்பிய மளிகைக் கடை. அதை ஆன்லைன் கம்பெனியோடு சேர்த்ததும் அவள் முடிவுதான். அன்றைக்கே கல்லா இருந்த இடத்துக்குப் பேக்கிங் மேசை வந்தது. ஷட்டர் பாதி இறங்கியது. ஆப்பில் ஆர்டர் வரும், பையில் போட்டு அனுப்ப வேண்டும். நேரில் வருகிறவர்களுக்கு வியாபாரம் கிடையாது.

"காலையில தீப்பெட்டி. மத்தியானம் சோப்பு. இப்ப உப்பு. எல்லாமே எதிர் மாடி வீடு! மொத்தமா ஒரு தடவை போட்டா விரல் தேஞ்சு போயிடுமா?"

பையை எடுக்க வந்து நின்ற டெலிவரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த வீடு மட்டும் இல்லக்கா. கீழ் வீடு, பக்கத்து வீடு... இப்பல்லாம் ஒவ்வொண்ணாத்தான் போடுறாங்க."

"ஓஹோ, கூட்டு சேந்து என்னை வெச்சு விளையாடுறாங்களா?"

போன் அடித்தது. கம்பெனி மேனேஜர்.

"மேடம், இந்த மாசமும் உங்க ஆர்டர் எண்ணிக்கை விளிம்புலதான் நிக்குது. இன்னும் குறைஞ்சா கடையை ஆப்லேருந்து எடுத்துடுவோம். போன மாசமே சொன்னேன்."

"எடுத்துடுவீங்களா? இருந்த வியாபாரத்தை எல்லாம் விட்டுட்டு உங்களை நம்பி வந்தவ நான்! எடுத்துத்தான் பாருங்களேன், உங்க ஆபீஸ் வாசல்லயே வந்து கடை போடுறேன்!"

போனை வைத்த பிறகும் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. வீறாப்பாகப் பேசிவிட்டாள். ஆப்பிலிருந்து எடுத்துவிட்டால் நாளைக்குக் கடைக்கு யார் வருவார்கள்?

அந்த நினைப்பே கோபத்தைக் கிளறியது. யார் தலையிலாவது அதை இறக்கியாக வேண்டும். மேசையிலிருந்த உப்புப் பாக்கெட்டைப் பிடுங்கினாள்.

"வாய்யா என்கூட. இன்னிக்கு நானே டெலிவரி பண்றேன்!"

எதிர் மாடியில் தையல்காரர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் ஊசியில் பாதி கோத்த நூலோடு எழுந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், ராஜ பரம்பரையோ? உப்புக்குப் பல்லக்கு கேக்குதோ?"

"அது... வீட்ல உப்பு சுத்தமாத் தீந்து போச்சுக்கா. அதான்..."

"எதுக்கு மென்னு முழுங்குறீங்க?" என்றபடி உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி. வந்த வேகத்தில் சுவர் அலமாரியைத் திறந்துவிட்டாள்.

உள்ளே செங்கல் அடுக்கின மாதிரி உப்புப் பாக்கெட். மேல் தட்டில் தீப்பெட்டி. அதற்கும் மேலே சோப்பு.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இவ்வளவு வெச்சுக்கிட்டா..? என்னம்மா இது, எனக்குப் போட்டியாக் கடை வெக்கப் போறீங்களா?"

அந்தம்மா அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்னால் நின்ற டெலிவரிக்காரரிடம்தான் பேசினாள்.

"ஏன் தம்பி, உங்க கடையில ஒரு அம்மா இருக்காங்க. அவங்க போன்ல பேசினா, போன் இல்லாமலே கம்பெனிக்குக் கேக்கும். ஆர்டர் குறைஞ்சா கடையை எடுத்துடுவாங்களாமேன்னு போன மாசம் இந்தத் தெரு பூராக் கேட்டுச்சு. கம்பெனிக்காரன் மூட்டையை நிறுத்தா பாக்குறான்? எண்ணிக்கையைத்தானே பாக்குறான்? அதான் மொத்தமா வாங்குறதைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறோம். மாடி, கீழ் வீடு, பக்கத்து வீடு, எல்லாரும் பேசி வெச்சுத்தான். அந்த அம்மா வாய் காரம்தான். ஆனா ஒரு நாள் கூட மட்டமான சரக்கை எங்க தலையில கட்டினதில்ல."

மாஸ்டர் கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கையிலிருந்த உப்புப் பாக்கெட்டை அந்த அடுக்கின்மேல் மெதுவாக வைத்தாள். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "அதுக்காக டெலிவரி சார்ஜைத் தண்டம் அழணுமா? நாலு எட்டு வெச்சு நேர்ல வந்து வாங்க வேண்டியதுதானே?"

அந்தம்மா இப்போதும் திரும்பவில்லை.

"வந்தோமே தம்பி! எத்தனையோ தடவை வந்தோம். 'ஆப்ல போடுங்க, ஆப்ல போடுங்க'ன்னு உள்ளேயிருந்து குரல் மட்டும்தான் வந்துச்சு, முகம் வரலையே! எங்களால முடிஞ்சதை நாங்க பண்ணிட்டோம். போய் அந்த அம்மாகிட்ட சொல்லு. கம்பெனி போனா போறான், தெரு எங்கயும் போயிடாது. நாளைக்கே வாசலைத் திறந்து வெச்சு, எதிர்ல நின்னு, எங்களோட மல்லுக்கட்டி வியாபாரம் பண்ணச் சொல்லு!"