வியட்நாமுக்கு நவம்பர்

"நவம்பர் வேணாம் சார். சொன்னா கேளுங்க."

குமணன்சாவடியில் டிராவல்ஸ் நடத்தும் முகமது இஸ்மாயில் மூன்றாவது முறையாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த ஞானசேகரன் மசியவில்லை.

"வியட்நாமுக்கு பிப்ரவரி, மார்ச்தான் சீசன். நவம்பர்ல நீங்க கேக்குற ஹோய் ஆன் பக்கம் ஊத்து ஊத்துன்னு ஊத்தும். ஆறு ரோட்டுக்கே வந்துடும்."

"பரவாயில்ல பாய். நவம்பர்லயே போடுங்க."

"ஆஃப் சீசன்ல ரேட்டு கம்மின்னு பாக்குறீங்களா? மார்ச்லயே நான் குறைச்சுத் தரேன்."

"ரேட்டுக்காக இல்ல பாய்," என்றாள் சரசா. "எங்க ரெண்டு பேருக்கும் மழைன்னா உசுரு."

இஸ்மாயில் புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு ஓடுகிறவர்களை அவருக்குத் தெரியும். காசு கொடுத்து மழையில் நனையப் போகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறார். நமக்கென்ன என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டார்.

மழைன்னா உசுரு என்பது சுத்தப் பொய். விஷயமே வேறு.

கரையான்சாவடியில் இவர்களுக்கு முதல் மாடி. கீழ் வீடு டில்லிபாபுவுடையது. அந்த அபார்ட்மென்ட் நிற்கும் இடமே அவன் அப்பா கத்திரிக்காய் போட்ட நிலம்தான். நிலத்துக்கு ஈடாகத் தரைத்தளத்தில் ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு பில்டர் கழன்றுகொண்டார். ஐப்பசி அடைமழை பிடித்தால் தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.

போன வருஷமும் நுழைந்தது. விடிந்தும் விடியாமலும் ஞானசேகரன் வீட்டுக் கதவைத் தட்டினான் டில்லிபாபு.

"சார், ஊட்ல முட்டி அளவு தண்ணி பூந்துகிச்சு. வடியற வரைக்கும் இங்கியே ஒரு ஓரமா இருந்துக்கறோம் சார்."

மூஞ்சிக்கு நேரே இல்லையென்றா சொல்ல முடியும்? டில்லிபாபு, அவன் மனைவி யுவராணி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று மொத்தக் குடும்பமும் ஹாலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் வடிய நாலு நாள். சரசாவின் அடுப்பில் நெத்திலிக் கருவாடு வதங்கியது. சோபாவில் நாய் தூங்கியது. சரசா உதட்டால் சிரித்து, உள்ளே பல்லை நறநறவென்று கடித்தாள்.

கிளம்பும்போது யுவராணி கண் கலங்கிவிட்டாள். "நீ மட்டும் இல்லாங்காட்டி எங்க கதி இன்னாக்கா ஆயிருக்கும்?"

அவள் படியிறங்கியதும் சரசா கதவைச் சாத்தினாள். "அடுத்த மழைக்கு நாம இந்த ஊர்லயே இருக்கக் கூடாதுங்க."

வியட்நாம் பிறந்தது அப்படித்தான். வீட்டில் இருந்துகொண்டு இடமில்லை என்றால் பாவம். வீடு பூட்டியிருந்தால் யார் தலையிலும் பாவம் இல்லை. இந்த ஏற்பாடு ஞானசேகரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கிளம்புகிற அன்று வானம் கருகருவென்று இருந்தது. பெட்டிகளைத் தூக்கிவந்து டாக்ஸியில் வைத்தவன் டில்லிபாபு.

"சாவிய குட்த்துட்டுப் போங்க சார். மழ வந்தா ஜன்னல் கின்னல் பாத்துக்கறேன்."

"உனக்கு எதுக்குப்பா வீண் சிரமம்?" என்ற ஞானசேகரன், மாடியேறிப் போய்ப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

இஸ்மாயில் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஹோய் ஆனில் இறங்கிய மறுநாளே ஆறு கரையைத் தாண்டியது. ஹோட்டலில் ஆற்றைப் பார்த்த மாதிரி கீழ் அறைதான் வேண்டும் என்று சரசா கேட்டு வாங்கியிருந்தாள். இப்போது ஆறே உள்ளே வந்து அவளைப் பார்த்தது. பெட்டிகள் மிதந்தன. பாஸ்போர்ட்டும் வீட்டுச் சாவியும் இருந்த கைப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இருவரும் தெருவில் நின்றார்கள்.

எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் கையசைத்து மேலே வரச் சொன்னாள்.

மாடியில் இருந்ததே ஓர் அறை. அவள் தன் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டுக் கட்டிலை இவர்களுக்குக் கொடுத்தாள். உடுத்திக்கொள்ள உலர்ந்த துணி கொடுத்தாள். சோறு வடித்துக் கருவாட்டையும் வறுத்தாள். இந்தக் கருவாடு சரசாவுக்கு நாறவில்லை. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞானசேகரனின் போன் அடித்தது. டில்லிபாபு.

"சார், நீங்க போன ஊரு முழுகிகினு கீதுன்னு டிவில காட்றான்! எங்க கீறீங்க? மேல ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டோம்ப்பா. ஒரு வீட்ல இடம் கொடுத்தாங்க. அங்க எப்படி?"

"இங்க ஒரு தூறல் கூட இல்ல சார். வெயிலு பொளக்குது. நீங்க பத்திரமா வந்து சேருங்க. ராணி சாமி ரூம்ல வெளக்கேத்தி வெச்சிகினு அழுவுது."

ஞானசேகரன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

அந்தப் பெண் தன் போனில் ஏதோ பேசி இவர்கள் பக்கம் நீட்டினாள். போன் அதைத் தமிழில் சொன்னது.

"உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்?"

உண்மையைச் சொல்வதென்றால் ஒரே பதில்தான்: வீட்டைப் பூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்துவிடுவோம். வெட்கத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாவி இருந்த கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, சரசா போனுக்கு அருகே வாயை வைத்தாள்.

"நாங்களும் உங்கள மாதிரிதாங்க. மழைன்னு வந்துட்டா எங்க வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும்!"