இடது கைக்கு வேறு சோலி

"ஒத்தக் கையாலேயே தட்டுததுக்கு இதுல ஒரு வழி இருக்குன்னு சொன்னீங்கள்லா மேடம், அதை இப்பம் சொல்லித் தாங்க."

காலையிலிருந்து கிடங்கில் பிளாஸ்டிக் பிரித்துவிட்டு வந்த அலுப்பு வெயிலுமுத்துவின் குரலிலேயே கிடந்தது. தாராவி வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கருவி. மாதுங்காவில் பிரெயில் புத்தகம் அச்சடிக்கிறவர்கள் அவனை நம்பிக் கொடுத்தது. தட்டினால் எழுத்து ஏறும். ஏறிய வரி கீழே புள்ளிகளாக எழும்பி விரலுக்குக் கிடைக்கும்.

போனில் அந்த ஆபீஸ் சாதனா. "ஏன் அண்ணா, கையில அடியா?"

"அடியெல்லாம் இல்ல. இடது கைக்கு வேற சோலி இருக்கு."

"அப்படி என்ன சோலி? முறுக்கு சுத்தறேளா?"

அவளே சிரித்துக்கொண்டு, எந்தப் பட்டன், எத்தனாவது வரி என்று சொல்லிக் கொடுத்தாள். இனி ஓர் எழுத்துக்கான புள்ளிகளை ஒரே அமுக்காக அமுக்க வேண்டாம். ஒவ்வொன்றாக அமுக்கி, கடைசியில் நீளக் கட்டையைத் தட்டினால் எழுத்து விழும். நேரம் பிடிக்கும்.

"அப்பறம், அது பேசறதை ஆஃப் பண்ணிடுங்கோ. பிழை திருத்தறச்சே காதை நம்பப்படாது, விரலைத்தான் நம்பணும்."

"அது தெரியும் மேடம்."

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்கோ அண்ணா. அதுக்கு மேல என் கையில இல்ல."

நாலு பக்கம். பிழையில்லாமல் திருத்தி அனுப்பினால் மாதாமாதம் வேலை. கிடங்குக்குப் போக வேண்டாம், வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம். அந்த வீட்டில் இருப்பதற்காகத்தான் அவன் இத்தனை பாடும் பட்டான்.

கண் இருந்தவரைக்கும் அவனுக்கு எழுத்து தெரியாது. தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தண்ணீர் முகத்தில் அடித்துக் கண் போன பிறகுதான், நாற்பதை நெருங்கிய வயதில், அ ஆ படித்தான். விரலால் படித்தான்.

பிளாஸ்டிக் பிரிக்கிறவன் கையில் தோல் நிற்காது. ஒடித்துப் பார்த்து, சத்தம் கேட்டு, ரகம் பிரிக்கிற வேலை. ஒடிந்த முனையெல்லாம் பிளேடு. அதனால் இடது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் துணி சுற்றி, மேலே சைக்கிள் டியூபை மாட்டிக்கொள்வான். பக்கத்தில் உட்காரும் ஹமீது, "என்ன மாப்ள, மத்த ஒம்பதும் கூலிக்காரன், அது ஒண்ணு மட்டும் சேட்டு வீட்டுப் புள்ளையா?" என்பான்.

அதுதான் அவன் படிக்கிற விரல்.

இன்றைக்கு அது வரியின் மேல் இல்லை. காய்ப்புப் பிடித்த வலது விரல் புள்ளிகளைத் தடவிக்கொண்டு போனது. செருப்பைப் போட்டுக்கொண்டு கோலத்தின் மேல் நடப்பதுபோல இருந்தது.

"ரெண்டு மணி நேரம். இருந்துருவீயளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி கோகிலவாணி வெளியே போயிருந்தாள். ரெடிமேட் கம்பெனியில் அவளுடைய பழைய தையல் மிஷின் இன்னும் அவளுக்கு உண்டா என்று கேட்டுவர.

"நீ போ" என்றிருந்தான்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் அரவை மிஷின் ஓட ஆரம்பித்தது. சுவர் அதிர்ந்தது. அவனுடைய முதுகும் அதிர்ந்தது. உலகத்தில் அந்த ஒரு சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று.

பிழையை அழிக்கிற ஒவ்வொரு தடவையும் 'அழிக்கட்டுமா?' என்று கருவி புள்ளிகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, அதையும் நிறுத்தினான். வேகம் கூடியது.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியே காணாமல் போனது.

தடவித் தடவிப் பார்த்தான். இல்லை. எங்கிருந்து எதுவரை அழித்தான் என்பது வலது விரலுக்குப் பிடிபடவில்லை. இடது விரல் ஒரு நிமிஷம் வந்தால் போதும், சொல்லிவிடும்.

இடது விரலைத் தூக்கினான்.

இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டான்.

காலையில் வேலைக்குப் போகுமுன் படித்ததை மனதில் ஓட்டி, அந்தப் பத்தியை முதலிலிருந்து தட்டினான். ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி. கட்டை. தலை தொங்கியது, நிமிர்த்திக்கொண்டான். தோள்பட்டை செத்துப்போயிருந்தது. இடது கை மட்டும் அசையவில்லை.

கடைசிப் பக்கம் பாக்கி இருக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. கோகிலவாணி. கதவு திறந்ததே அவனுக்குக் கேட்டிருக்கவில்லை.

அவள் குனிந்து அவன் காதுக்குள் சொன்னாள். "எடுங்க. நான் வந்துட்டேன்லா."

அவன் விரலை எடுத்தான். தொடையை ஒட்டி, பழஞ்சேலை விரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் மூக்குக்குக் கீழிருந்து.

அந்த இரைச்சலில் அவ்வளவு சின்ன மூச்சு எந்தக் காதுக்கும் எட்டாது. காய்ப்புப் பிடித்த விரலுக்கும் தட்டுப்படாது.

பிள்ளையை அவள் மடிக்கு மாற்றினாள். அவன் இடது விரலை வரியின் மேல் வைத்தான். விரலில் ஈரமான கதகதப்பு. எழுத்துகள் தானாக எழுந்து வந்தன. கடைசிப் பக்கம் மளமளவென்று முடிந்தது. அனுப்பினான். கருவி ஒரு தரம் உள்ளங்கையில் அதிர்ந்து அடங்கியது.

அரவை மிஷினும் நின்றது.

"என் மிஷின் இருக்கு, திங்கக்கிழமை வான்னுட்டான்" என்றாள் கோகிலவாணி. "பிள்ளைய யாரு வச்சிருப்பான்னு கேட்டான். அவ அப்பான்னேன்."