பட்டாணி நடந்த நாள்

"ஏமாத்து வேலை சார்! சுத்த ஏமாத்து வேலை!"

குழந்தைகள் காப்பகம் நடத்துற மேடம் மேஜையில தட்டின தட்டுல எங்க ஆபீசரோட டீ சிந்திப்போச்சு. டைப் அடிச்சுக்கிட்டிருந்த எனக்கே கை நின்னுடுச்சு. தொழிலாளர் ஆபீசுன்னா சத்தத்துக்கா பஞ்சம்? ஆனா இந்த மேடம் ரொம்ப ஓவர்.

எதிர் நாற்காலியில ஆயா. காப்பகத்துல குழந்தைகளைப் பார்த்துக்கிறவங்க. விசாரணை கிடையாது, ஒண்ணும் கிடையாது, "நாளையிலிருந்து வராதீங்க"ன்னு மேடம் ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்கன்னு புகார் கொடுத்திருந்தாங்க.

"அப்படி என்ன ஏமாத்தினாங்க?"ன்னு கேட்டார் ஆபீசர்.

"குழந்தைக்கு எது நடந்தாலும் அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லணும் சார். அது எங்க காப்பகத்துச் சட்டம். முன்னாடி ஒருத்தி, குழந்தை விழுந்து நெத்தி வீங்கினதை மறைச்சு என் மானத்தை வாங்கினா. இப்ப இவங்களும் மறைச்சிருக்காங்க. காமிராவுல இருக்கு!"

எனக்கு சுருக்குன்னு ஆச்சு. அடப்பாவமே, பார்க்க இவ்வளவு சாதுவா இருக்கு, குழந்தையை என்ன பண்ணித் தொலைச்சுதோ!

"என்னம்மா மறைச்சீங்க?"

"பட்டாணி நடந்துட்டா சார்." சொல்லும்போதே ஆயா முகமெல்லாம் பல்.

"பட்டாணியா?"

"நான் அப்படித்தான் கூப்பிடுவேன். இத்துனூண்டு இருப்பா! வியாழக்கிழமை நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ, கையை விட்டுட்டு தத்தக்கா பித்தக்கான்னு வந்து என் மடியில விழுந்தா. எனக்குத் தலைகால் புரியல!"

ஆபீசர் பேனாவை மூடினார். "நல்ல விஷயம்தானே? இதை ஏன் அவங்க அம்மாகிட்ட சொல்லல?"

"எப்படி சார் சொல்றது? அவங்களே வேலை முடிஞ்சு அரக்கப் பரக்க ஓடி வர்றவங்க. உன் குழந்தையோட முதல் அடியை நீ பார்க்கல, நான் பார்த்துட்டேன்னு சொன்னா, பெத்த மனசு என்ன பாடுபடும்? எங்க ஆயாமாருங்க யாருமே சொல்ல மாட்டோம். அம்மா வந்து சொல்றப்ப, புதுசா கேட்கிற மாதிரி வாயைப் பிளப்போம். அவ்வளவுதான்."

"பிளந்தாங்க சார், நல்லா பிளந்தாங்க!" மேடத்துக்கு மறுபடியும் ஆவேசம். "திங்கட்கிழமை காலையில அந்தம்மா வந்து, 'ஆயா, நேத்து இவ நடந்துட்டா!'ன்னு குதிக்கிறாங்க. இவங்களும், 'ஐயோ என் தங்கமே, நிஜமாவா!'ன்னு சேர்ந்து குதிக்கிறாங்க. என்னா நடிப்பு! இன்னிக்கு நல்லதை மறைக்கிறவங்க நாளைக்குக் கெட்டதை மறைக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

கேள்வி நியாயம்தான். ஆபீசரும் தாடையைத் தடவினார்.

"சாட்சி இருக்கா?"

"குழந்தையோட அம்மாவையே வரச் சொல்லியிருக்கேன். ஆயா ஒண்ணை மறைச்சுட்டாங்கன்னு மட்டும் போன்ல சொன்னேன். வந்ததும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுறேன், அவங்களே சொல்லட்டும்."

ஆயா பதறி எழுந்துட்டாங்க.

"ஐயோ, வேணாம் மேடம்! புகாரைத் திருப்பி வாங்கிக்கிறேன். எனக்கு வேலையே வேணாம். அவங்ககிட்ட மட்டும் அதைக் காட்டிடாதீங்க!"

"வேலை போனா என்னம்மா பண்ணுவீங்க?"ன்னார் ஆபீசர்.

"தெரியல சார். குழந்தைங்களை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "ஆனா, தன் பொண்ணு முதல்ல தன்கிட்டதான் நடந்து வந்தான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்களே, அதைப் பிடுங்கித்தான் எனக்கு வேலை கிடைக்கணும்னா, அந்த வேலை எதுக்கு சார்?"

கதவு திறந்தது. இடுப்புல குழந்தையோட ஒரு அம்மா, மூச்சு வாங்க உள்ளே வந்தாங்க. ஆயாவைப் பார்த்ததும் பட்டாணி நெளிஞ்சு வளைஞ்சு கீழே இறங்கிடுச்சு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, என் மேஜையில ஒரு இடி இடிச்சுட்டு, நேரா ஆயா காலைக் கட்டிக்கிச்சு. எனக்கே ஓடிப்போய்த் தூக்கணும்போல இருந்தது.

ஆபீசர் மெதுவா மேடம் பக்கம் திரும்பினார்.

"உங்க சாட்சி வந்தாச்சு. வீடியோவைப் போடலாமா?"

மேடம் போனை எடுத்தாங்க. அந்த அம்மாவைப் பார்த்தாங்க. ஆயாவோட தோள்ல ஏறி உட்கார்ந்துட்ட பட்டாணியைப் பார்த்தாங்க. போனைக் கைப்பையில போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாங்க.

"வீடியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். ஆயா நாளைக்கே வேலைக்கு வரட்டும்."

"அப்பாடா! நீங்க கிளம்பலாம்மா, சும்மா ஒரு சின்ன மனஸ்தாபம்!" அவசர அவசரமா சொன்னார் ஆபீசர்.

"ஆமாமா, ஒண்ணுமே இல்ல!"ன்னு யாரும் கேட்காமலே நானும் ஒத்து ஊதினேன்.

அந்த அம்மா நகரவே இல்ல. குற்றவாளி மாதிரி கையைப் பிசைஞ்சாங்க.

"ஆயா மறைச்சாங்கன்னு மேடம் சொன்னாங்க. மறைச்சது நான்தான் சார். இவ புதன்கிழமையே வீட்டுல நடந்துட்டா! பகலெல்லாம் தூக்கி வளர்க்கிறது ஆயா, முதல்ல பார்த்த சந்தோஷம் அவங்களுக்கே இருக்கட்டும், அவங்களே வந்து சொல்லட்டும்னு வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்தேன்... இவங்க மூச்சே விடல. அதுக்கு மேல அடக்க முடியாமத்தான், 'நேத்து நடந்தா'ன்னு புளுகிட்டேன்!"