பிழையில்லாத லீவு லெட்டர்

"இங்கிலீஷ்ல தப்பில்லாம லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தா, அன்னிக்கு கிளாஸுக்கே வர வேண்டாம்னு சொல்லியிருக்காராம் சார். இது காலேஜா, சந்தையா?"

முதல்வராக மாணிக்கம் பொறுப்பேற்ற மூன்றாம் நாளே, கணக்குத் துறை தனபால் போட்டுக் கொடுத்துவிட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றலே மாணிக்கத்துக்கு இன்னும் தெளியவில்லை.

"யாருய்யா அந்த ஆளு?"

"இமானுவேல். கௌரவ விரிவுரையாளர். ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வருஷம் வேலை."

"போடறேன், போடறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கிளம்பினார் மாணிக்கம்.

காலி பெஞ்சுகளை எண்ணும் நினைப்பில் போனவர், வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பத்தொரு பேரும் உள்ளே இருந்தார்கள். பெஞ்சில் இடம் போதாமல் இரண்டு பேர் ஜன்னல் திட்டில்.

"என்ன இமானுவேல், இன்னிக்கு யாருக்கும் லீவு இல்லையா?"

இமானுவேல் தலை குனிந்தார். "இன்னும் ஒருத்தர்கூட தப்பில்லாம எழுதலை சார்."

"எத்தனை மாசமா?"

"நாலு மாசமா."

மாணிக்கத்துக்கு இது அதைவிட மோசமாகப் பட்டது. நாலு மாதம் பாடம் நடத்தி, ஒரு லெட்டர் எழுத ஆள் இல்லையா?

"தினமும் ஆளுக்கொரு லெட்டர் எழுதணும்னு வெச்சிருக்கேன் சார். முதல்ல கைடைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. லீவுன்னு சொன்னதும் சொந்தமா எழுத ஆரம்பிச்சாங்க. மாடு கன்னு போட்டதுக்கு லீவு கேட்ட சின்னமுத்து, தானே கன்னு போட்டதா எழுதினான். இப்ப எவ்வளவோ தேவலை. ஆனா கடைசி வரி மட்டும்..."

"பேச வேண்டாம். இன்னிக்கு எழுதின லெட்டரையெல்லாம் கொடுங்க."

அறைக்கு வந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார். மிளகு பறிக்க ஏணி பிடிக்க ஆளில்லை என்று ஒருத்தன் லீவு கேட்டிருந்தான். பலாத் தோப்பில் கரடி இறங்கியதால் அப்பாவைத் தனியே விட முடியாது என்று சங்கீதா. கரடி எந்தப் பக்கம் போனது என்றுகூட எழுதியிருந்தாள். மாணிக்கம் தப்பைத் தேடுவதை மறந்து அடுத்த தாளைப் புரட்டினார்.

நல்ல இங்கிலீஷ். கடைசி வரியில் 'ஒபீடியன்ட்லி'யில் மட்டும் ஒரு எழுத்தைக் காணோம். எல்லாத் தாளிலும் அதே எழுத்தைத்தான் காணோம்.

காப்பி! கையும் களவுமாகப் பிடித்த குஷியில், மேலே இருந்த தாளுக்குச் சொந்தக்காரியான தாரணியை வரச் சொன்னார்.

"யாரைப் பார்த்து எழுதினீங்க?"

"யாரையும் பார்க்கலீங்க சார். சத்தியமா."

"அப்புறம் எப்படிம்மா முப்பத்தொரு பேருக்கும் ஒரே எழுத்து விட்டுப்போகும்? ஒபீடியன்ட்லிக்கு ஸ்பெல்லிங் சொல்லு."

மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே தப்பா எழுதறியா? நாலு மாசத்துல நீங்க ஒண்ணும் கத்துக்கலைன்னு உங்க சாருக்கு வேலையே போகப்போகுது, தெரியுமா?"

தாரணியின் முகம் வெளுத்தது. வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயோ, அப்படிச் செஞ்சுறாதீங்க சார். நாளைக்கே எல்லாரும் சரியா எழுதிக் குடுத்தர்றோமுங்க. ஆனா... சரியா எழுதினா, அன்னிக்கு லீவுன்னு அவரு எங்களைக் கிளாஸுல உக்கார உட மாட்டாருங்களே!"