ஒரு பக்கம் பிடிக்குது

"ஜாக்கெட்டுல ஒரு குத்தமும் இல்லக்கா. உன் உடம்புலதான் ஏதோ கோளாறு!"

பானுப்ரியா இப்படிச் சொன்னதும் மலர்க்கொடிக்குக் காது வரை சூடேறியது. குன்னம் கடைவீதியில் எட்டு வருடமாகத் தையற்கடை வைத்திருப்பவள் பானு. நாளை மறுநாள் மலர்க்கொடியின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அத்தைக்காரி கட்டப்போகும் பட்டுப்புடவைக்கு பானு தைத்துக் கொடுத்த ஜாக்கெட், கொக்கியை மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் மூச்சு முட்டப் பிடித்தது.

"ஏண்டி, தப்பாத் தச்சுப்புட்டு என் உடம்பைக் குத்தம் சொல்றியா?"

"நீ குடுத்த அளவு ஜாக்கெட்டை வச்சுத்தான் வெட்டுனேன். ஒரு பக்கம் மட்டும் பெருத்தா உடனே டாக்டர்கிட்ட காட்டணும்னு நர்ஸம்மா கூட்டம் போட்டுச் சொன்னாங்கள்ல? நீ பிஸ்கட்டைத் தின்னுட்டு பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்ட."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசாவுது. ரெண்டு புள்ளைக்குப் பால் குடுத்தவ. எங்க எது எவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

துணி கொடுக்க வந்திருந்த நாலு பெண்களும் மலர்க்கொடியின் முகத்துக்குச் சற்றுக் கீழே பார்த்தார்கள். ஒருத்தி தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஆமா, கொஞ்சம் வித்தியாசமாத்தான் தெரியுது" என்றாள்.

மலர்க்கொடி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாளைக்கே அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். எனக்கு ரெண்டும் சரியாத்தான் இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி, சீல் வச்சு வாங்கிட்டு வந்து உன் கடை வாசல்லயே ஒட்டுறேன். அப்புறம் எவ உன்கிட்ட துணி குடுக்குறான்னு பாக்குறேன்!"

சொன்னபடியே மறுநாள் காலை, கணவன் காசிநாதனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார் டாக்டர் சத்யா.

"பிரச்சினை எனக்கில்லீங்க, டெய்லருக்கு."

முழுக் கதையையும் கேட்ட சத்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாருக்குமே ரெண்டும் ஒரே அளவுல இருக்காதும்மா. ஆனா புதுசா ஏதாவது மாறியிருந்தா பாத்துடணும். படுங்க" என்று திரையை இழுத்துவிட்டார்.

"பாக்காமலே எழுதிக் குடுக்க முடியாதுங்களா?"

"முடியாதும்மா."

படுத்தபடியே மலர்க்கொடி பானுவைத் திட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. நகர்ந்தன. மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றன.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எதுங்க?"

டாக்டர் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். காய்ந்த பட்டாணி மாதிரி கெட்டியாக ஏதோ ஒன்று.

"வலிக்கவே இல்லீங்களே?"

"வலிக்காததாலதாம்மா நிறையப் பேரு வராம இருந்துடுறாங்க."

மறுநாள் கல்யாணத்தில் பழைய ஜாக்கெட்டோடு நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். யார் வந்தார்கள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பிறகு ஸ்கேன், மேமோகிராம், ஊசி போட்டு எடுத்த சதைக்குப் பரிசோதனை என்று இரண்டு வாரம் அலைந்தார்கள். புற்றுநோய்தான்.

"ஆனா ரொம்ப ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கட்டியை மட்டும் எடுத்துட்டு கதிர்வீச்சு, அதான் கரண்டு வச்சாப் போதும். மார்பை எடுக்க வேண்டாம்" என்றார் சத்யா.

அன்று பஸ்ஸில் அரியலூரிலிருந்து குன்னம் நெருங்கும் வரை மலர்க்கொடி வாயைத் திறக்கவில்லை. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து காசிநாதன் பார்த்ததில்லை. பயந்துபோனான்.

"ஏதாவது என்னைத் திட்டேன்டி."

"உன்னைத் திட்டுறதுக்காவது நான் பொழைக்கணும்யா" என்றவள், அத்தனை பேர் இருக்கிற பஸ்ஸில் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விஷயம் ஊருக்குள் பரவியது. 'டெய்லர் பானு டேப்பை வச்சே கேன்சரைக் கண்டுபிடிச்சுட்டாளாம்' என்று சுற்றுவட்டாரமெல்லாம் பேச்சு. யார் வந்து பாராட்டினாலும் பானு தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மலர்க்கொடியை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து மலர்க்கொடியே கடைக்கு வந்தாள். ஆபரேஷன் முடிந்து, கரண்டும் வைத்து முடித்தாகிவிட்டது. உடம்புதான் கொஞ்சம் இளைத்திருந்தது, குரல் இளைக்கவில்லை. பின்னால் ஆறு பெண்கள்.

"பானு, இவளுங்களுக்கெல்லாம் அளவெடு. நர்ஸம்மா சொன்னா கேக்க மாட்டாளுங்களாம், நான் சொன்னாலும் கேக்க மாட்டாளுங்களாம். உன் டேப் சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாளுங்களாம்."

பானு அவளை மட்டும் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் நீர் முட்டியது.

"யக்கா, என்னைச் செருப்பால அடி. அன்னைக்கு ஜாக்கெட்டை நான்தான் தப்பா வெட்டிட்டேன். செல்லுல சீரியல் பாத்துக்கிட்டே வெட்டுனதுல ஒரு பக்கம் ஒரு இஞ்ச் கொறைஞ்சுபோச்சு. பட்டுத்துணி, ஒட்டுப் போட மிச்சமும் இல்ல. கடை பேரு கெட்டுடுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சத்தியமா உன் உடம்பப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது!"

"அது ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுடி. நீ இறுக்கித் தச்சது இடது பக்கம், கட்டி இருந்தது வலது பக்கம்" என்ற மலர்க்கொடி, வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்பக் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போயி, ஆறு பேருக்கும் ஏதாவது ஒரு பக்கம் வித்தியாசமா இருக்குன்னு அடிச்சு விடு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேன் வாசல்லயே நிக்குது."